மனமும் மூளையும் மக்கள் பணமும்

உடலுக்குக் காய்ச்சல் வந்தால் அண்டை வீட்டார் அறிவர். கஞ்சி காய்ச்சிக் கொணர்ந்து கொடுப்பர். மருத்துவரிடம் செல்லத் துணை வருவர். உள்ளத்துக்கு நோய் வந்தால் வீட்டாரே அதனை மறைப்பர். மகளின் திருமணம் தடைப்படுமோ, மகனின் வேலை போய்விடுமோ, ஊரார் என்ன சொல்வரோ என்னும் அச்சம் வாயை அடைத்துவிடும். இவ்வாறு மறைக்கப்படும் நோயை ஆராய்வதற்கு அரசாங்கத்தார் ஒதுக்கும் பணம் குறைவாக இருப்பதில் வியப்பில்லை. சாலை வேண்டுமென்று கேட்க ஊரே திரளும். மனநோய்க்கு மருத்துவம் வேண்டுமென்று கேட்க ஒருவரும் முன்வருவதில்லை. ஆகவே, மனநலத்துக்கும் மூளை நோய்களின் ஆராய்ச்சிக்கும் பொதுப்பணம் ஏன் வேண்டும் என்பதையும், அது கேம்பல் பே போன்ற கடைக்கோடி ஊர்களுக்கு எவ்வாறு வந்து சேர வேண்டும் என்பதையும் இத்திங்கள் நம் அன்பர்கள் முன் வைக்க விரும்புகின்றோம்.

கடல் நடுவே குடும்பங்கள்

பெரிய நிக்கோபார்த் தீவின் குடியேற்ற வரலாறு நம்மவர் அறியாததன்று. 1969-ஆம் ஆண்டு முதல் 1980 வரையில், படைப்பணியிலிருந்து ஓய்வுபெற்ற வீரர்களின் குடும்பங்கள் ஏறத்தாழ 330 இங்குக் கொண்டுவந்து குடியமர்த்தப் பெற்றன. பஞ்சாபியர், மராட்டியர், மலையாளிகள், தெலுங்கர், தமிழர் எனப் பன்மொழியாளரும் ஒன்றுகூடிக் காடு திருத்தித் தென்னையும் கமுகும் வளர்த்தனர். அவர்களுக்குப் பின் அரசுப் பணியாலும் வாணிகத்தாலும் கட்டட வேலையாலும் வந்து சேர்ந்தோர் பலர். இம்மண்ணின் மூத்த குடிகளான நிக்கோபாரிகளையும் ஷோம்பென் மக்களையும் உள்ளிட்டு, 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இத்தீவின் மக்கள்தொகை சுமார் 8,000 ஆக இருந்தது.

குடிபெயர்ந்து வாழ்வோர்க்குப் பொருள் வரவு உண்டு. உறவின் அணைப்புக் குறைவு. சொந்த ஊரில் பிள்ளை பெற்ற பெண்ணொருத்தி காரணமின்றி அழுதுகொண்டும் உறங்காமலும் இருந்தால், தாயும் அத்தையும் பெரியம்மாவும் முகம் கண்டே அறிந்துகொள்வர்; முறை வைத்து உடனிருப்பர். இங்கே அவள் தாய் கடலுக்கு அப்பால் இருக்கின்றாள். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பலில் வர மூன்று நாள் அளவு ஆகும். 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியுள்ள அந்நகரிலிருந்து கேம்பல் பே மேலும் 500 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. கடல் கொந்தளிக்கும் பருவத்தில் நினைத்த நாளில் பயணம் கைகூடாது. மனநோய் மருத்துவமோ ஒரு நாளில் முடிவதன்று. திங்கள்தோறும் மருத்துவரைக் காண வேண்டியது. மருந்தின் அளவைக் கூட்டியும் குறைத்தும் பார்க்க வேண்டியது. தொலைவு, இந்நோயாளர்க்கு இரண்டாவது நோயாக அமைந்துவிடுகின்றது.

இன்னொன்றும் கருதத்தக்கது. காடு திருத்த வந்த முதல் தலைமுறையினர் இன்று முதுமை எய்திவிட்டனர். முதுமையோடு வரும் மறதி நோயும் நடுக்குவாதமும் பக்கவாதமும் மூளையைத் தாக்கும் நோய்கள். அன்று வீரராக வந்தவர் இன்று தம் வீட்டு வழியை மறந்து நிற்பாராயின், அவரைப் பேணும் பொறுப்பு மருமகள் ஒருத்தியின் தலையில் விழுகின்றது. மனநலம், மூளைநலம் என்னும் சொற்கள் பெருநகரத்தார் பேச்சு என்று நாம் ஒதுக்கிவிடலாகாது.

கடல் சீறிய பின்னர்

இத்தீவுகளில் மனநல ஆராய்ச்சி என்றொன்று நடந்ததுண்டா எனின், உண்டு. அதற்குக் காரணம் பெருந்துயர் ஒன்றாகும். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரையோர ஊர்களை அழித்தது. இந்திரா முனையில் நிலமே நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. அத்துயர் நாட்களில் பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் என்னும் தேசிய மனநல நரம்பறிவியல் நிறுவனத்தின் மருத்துவர் குழு அந்தமான் நிக்கோபார்த் தீவுகளுக்கு வந்தது. நோயுற்றோர்க்கு மருந்து கொடுத்ததோடு அவர்கள் நின்றுவிடவில்லை. ஆசிரியர்களுக்கும் தொண்டர்களுக்கும், துயருற்றோர் பேச்சைக் கேட்டு ஆற்றும் முறையைப் பயிற்றினர். தாம் கண்டவற்றைக் கணக்கிட்டு எழுதியும் வைத்தனர்.

அவர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வொன்று நம்போன்றோர் ஊன்றிப் படிக்கத் தக்கது. தம் தீவை விட்டு அகற்றப்பட்டு முகாம்களில் தங்கியோரிடையே மனநோயின் அளவு நூற்றுக்கு 5.2 ஆகவும், தம் தீவிலேயே இருந்தோரிடையே 2.8 ஆகவும் இருந்தன. நிக்கோபாரிகளின் கூட்டுக்குடும்ப வாழ்வு அவர்களுக்குப் பெருந்துணையாய் நின்றதையும் அம்மருத்துவர்கள் குறித்துள்ளனர். ஓர் ஆய்வைக் கொண்டு முடிவு கட்டலாகாது. ஆயினும், வாழ்ந்த மண்ணும் சூழ்ந்த உறவும் மனத்துக்கு மருந்து என்று நாம் அனுபவத்தால் அறிந்ததை எண்களும் ஒருவாறு காட்டுகின்றன அன்றோ?

அதற்குப்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. அன்று அலையில் தாயை இழந்த சிறுவர் இன்று தாமே பெற்றோராயினர். அவர்களுள் யார் துயரைக் கடந்தனர், யார் கடக்கவில்லை, கடந்தவர்க்குத் துணைநின்றது யாது என்பவற்றை ஆண்டுதோறும் பார்த்து எழுதி வருவதே மெய்யான ஆராய்ச்சி. பேரிடர் நேர்ந்த ஆண்டில் பணமும் வருகின்றது, மருத்துவரும் வருகின்றனர். பத்தாம் ஆண்டிலும் இருபதாம் ஆண்டிலும் வந்து பார்ப்பதற்கே நிலையான நிதி வேண்டியுள்ளது.

ஆராய்ச்சி என்பது யாது?

ஆராய்ச்சி என்றவுடன் கண்ணாடிக் குழாய்களும் விலையுயர்ந்த கருவிகளும் நம் நினைவுக்கு வருகின்றன. அவை ஒரு பகுதியே. மன, மூளை நோய்களின் ஆராய்ச்சியை மூவகையாகக் கொள்ளலாம். எத்தனை பேருக்கு, எங்கே, எந்நோய் என்று எண்ணுவது ஒன்று. நோய் எதனால் வருகின்றது என்று காரணம் காண்பது மற்றொன்று. கண்ட மருத்துவத்தை எம்முறையில் மக்களிடம் கொண்டு சேர்ப்பது என்று வழி காண்பது மூன்றாவது. இம்மூன்றும் பொதுப்பணத்தால் எவ்வாறு பயன் விளைத்தன என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுகள் உள.

காரணம் காணும் ஆராய்ச்சிக்கு நம் சமையலறையிலேயே ஒரு சான்று உண்டு. இமயத்தின் அடிவாரத்தில் உள்ள காங்ரா பள்ளத்தாக்கில் கழுத்துக் கழலை நோய் மிகுதியாக இருந்தது. 1956-ஆம் ஆண்டில் மருத்துவ அறிஞர் இராமலிங்கசாமியும் அவர்தம் குழுவினரும் அப்பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்து, இரண்டு பகுதிகளில் அயோடின் சேர்த்த உப்பும் ஒன்றில் சாதாரண உப்பும் வழங்கச் செய்தனர். சில ஆண்டுகளில், அயோடின் உப்பு உண்ட பகுதிகளில் நோய் நன்கு குறைந்தது தெளிவாயிற்று. பின்னர் எஞ்சிய பகுதிக்கும் அவ்வுப்பு வழங்கப்பட்டது. 1962-இல் நாடு தழுவிய தடுப்புத் திட்டம் தொடங்கியது. கழுத்துக் கழலைக்கும் மூளைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். கருவுற்ற தாய்க்கு அயோடின் போதாவிடில் பிறக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றும். தடுக்கக்கூடிய மூளைக் குறைபாட்டுக்கு உலகில் இதுவே தலையாய காரணம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. இன்று நம் வீட்டில் குழம்புக்கு இடும் உப்பின் பின்னே இவ்வளவு ஆராய்ச்சி உள்ளது.

மற்றொரு சான்று வேலூரில் தொடங்குகின்றது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்னும் கொடிய நோய் இந்தியாவில் மனிதரிடம் முதன்முதலாக அறியப்பட்டது 1955-இல் வேலூர் வட்டாரத்திலேயே. கொசுவால் பரவும் இந்நோய் குழந்தைகளை மிகுதியாகத் தாக்குவது. பிழைத்தோரிலும் பலரை அறிவும் அங்கமும் குன்றியவராய் விட்டுச் செல்வது. 1981-இல் கோலாரில் ஒரு நோயாளியிடமிருந்து பெற்ற நோய்க்கிருமியைப் புனேயில் உள்ள அரசு நிறுவனமான தேசிய நச்சுயிரியல் நிறுவனத்தார் பேணிவைத்தனர். அதனைக் கொண்டே ஐதராபாத் நிறுவனம் ஒன்று உள்நாட்டுத் தடுப்பூசியைச் செய்து 2013-இல் வெளியிட்டது. வேலூரில் நோயை அறிந்த நாளுக்கும் இத்தடுப்பூசி பிறந்த நாளுக்கும் இடையே 58 ஆண்டுகள். இத்தனை காலம் வட்டி கேளாது காத்திருக்க எந்த வணிகரால் இயலும்? மக்கள் பணம் ஒன்றே அவ்வாறு காத்திருக்க வல்லது.

இலாபம் தராத மருந்து

தனியார் மருந்து நிறுவனங்களே ஆராய்ந்துகொள்ளட்டும், அரசு எதற்கு என்று கேட்போர்க்கு ஜான் கேட் என்னும் ஆஸ்திரேலிய மருத்துவரின் கதை விடை கூறும். இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது சிறைப்பட்டு, சாங்கிச் சிறை முகாமில் மூன்றாண்டுகளுக்கு மேல் உழன்றவர் அவர். அந்நாளில் நம் நிக்கோபார்த் தீவுகளும் ஜப்பானியர் வசமே இருந்தன. விடுதலை பெற்றுத் திரும்பியபின், போரிலிருந்து மீண்ட வீரர்களுக்காக மெல்போர்ன் நகரில் அரசு நடத்திய மனநோய் மருத்துவமனையில் பணிபுரிந்தார். அங்கே பயன்படாது கிடந்த சிற்றறை ஒன்றே அவருடைய ஆய்வுக்கூடம். லித்தியம் என்னும் எளிய உப்பு, அடங்காத மனவெழுச்சியால் அலைக்கழிக்கப்பட்டோரை அமைதியுறச் செய்தலைக் கண்டு 1949-இல் வெளியிட்டார்.

லித்தியம் இயற்கையில் கிடைக்கும் பொருள். அதற்குத் தனியுரிமை பெற்று விலை வைக்க ஒருவராலும் இயலாது. எனவே வணிகர்க்கு அதில் ஆர்வமில்லை. அதன் பயனை ஐயமற நிறுவியவர்கள் பல நாட்டு மருத்துவமனைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பணியாற்றிய அறிஞர்களே. இருமுனை மனநோய்க்கு இன்றளவும் அது சிறந்த மருந்துகளுள் ஒன்றாக விளங்குகின்றது. இதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. மருந்தின் விலை குறைவே. ஆனால் அளவு மிகுந்தால் நஞ்சாகும். உண்போரின் இரத்தத்தைக் காலந்தோறும் சோதித்துப் பார்த்தல் வேண்டும். ஆகவே மலிவான மருந்து இருந்தால் மட்டும் போதாது. இரத்தம் சோதிக்கும் வசதியும் எட்டும் தொலைவில் இருத்தல் வேண்டும். மருந்தைக் கண்டுபிடிப்பது ஆராய்ச்சியின் பாதி எனில், தீவில் வாழும் ஒருவர் அம்மருந்தை அச்சமின்றி உண்ணுவதற்கு வழி காண்பது மறுபாதி.

முறை காணும் ஆராய்ச்சி

அத்தகைய வழி காணும் ஆராய்ச்சிக்கு நம் பஞ்சாபி அண்டை வீட்டார் பெருமை கொள்ளத்தக்க சான்றொன்று உண்டு. 1950-களில் அமிர்தசரசு அரசு மனநோய் மருத்துவமனையில் இருந்த வித்யாசாகர் என்னும் மருத்துவர், நோயாளரின் உறவினரையும் உடன் தங்கச் செய்தார். அவர்கள் தங்குதற்கு மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்கள் அடிக்கச் செய்தார். நோயாளரைக் கைவிட்டுச் செல்லும் வழக்கம் குறைந்தது. குடும்பத்தாரும் நோயின் இயல்பை அறிந்து திரும்பினர். பெருஞ்செலவின்றிக் கண்ட இம்முறை, பிற நாட்டாரும் வியந்து நோக்கியதாகும்.

சென்னையிலும் ஒரு சிறந்த முயற்சி நடந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பொருளுதவியுடன் 1981-இல் தொடங்கி, சென்னை அரசுப் பொது மருத்துவமனைக்கு மனச்சிதைவு நோயுடன் முதன்முறையாக வந்த 90 பேரை மருத்துவர் குழுவினர் தொடர்ந்து கவனித்தனர். மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் நிறுவிய ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிலையத்தின் வாயிலாக மருத்துவர் தாராவும் பிறரும் அவர்களைப் பத்தாண்டு, இருபதாண்டு என்று விடாது பின்தொடர்ந்தனர். இந்நோய் வந்தால் வாழ்வே முடிந்தது என்னும் எண்ணம் பிழையென்று அவ்வாராய்ச்சி காட்டியது. தொடர்ந்து நோயிலேயே கிடந்தவர் மிகச் சிலரே. நோய் வந்தும் தணிந்தும் வாழ்க்கையை நடத்தியவரே மிகப் பலர். கணவரால் கைவிடப்பட்ட பெண் நோயாளரின் இருமடங்குத் துயரையும் அந்நிலையத்தார் தனியே ஆராய்ந்து எழுதினர். பெண்ணுக்கு நோய் கண்டதும் அவளைத் தாய்வீட்டுக்குக் கப்பலேற்றிவிட எண்ணும் குடும்பம் எதுவாயினும், அது முதலில் அறிய வேண்டிய செய்தி இவ்வாராய்ச்சியில் உள்ளது.

சிற்றூர் மக்களுக்கு மனநல மருத்துவம் சென்று சேரும் வழியும் ஆராய்ச்சியால் கண்டதே. கருநாடக மாநிலத்துப் பெல்லாரி மாவட்டத்தில் 1985 முதல் 1990 வரை நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் ஒரு சோதனை நடத்தினர். ஆரம்ப சுகாதார நிலையத்தின் பொது மருத்துவருக்கும் ஊழியர்க்கும் பயிற்சி தந்தால், வலிப்பையும் மனநோயையும் அவர்களே பெரும்பாலும் கவனித்துக்கொள்ள இயலும் என்று கண்டனர். 1996-இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம் அச்சோதனையின் விளைவேயாகும்.

எவ்வளவு கொடுக்கின்றோம்?

இனி வரவு செலவைப் பார்ப்போம். 2023-24-ஆம் ஆண்டு நடுவணரசின் நிதிநிலை அறிக்கையில் மனநலத்துக்கென நேரடியாக ஒதுக்கப்பட்டது ரூ. 919 கோடி. இதில் ரூ. 721 கோடி நிம்ஹான்ஸ் ஒன்றுக்கே, ரூ. 134 கோடி தொலைபேசி வழி மனநலத் திட்டத்துக்கு. அவ்வாண்டு சுகாதார அமைச்சகத்தின் மொத்த ஒதுக்கீடு ரூ. 89,155 கோடி. நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்று என்பது கணக்கு. உலக நாடுகள் தம் சுகாதாரச் செலவில் மனநலத்துக்குத் தருவதன் நடுத்தர அளவு நூற்றுக்கு இரண்டு என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அதுவே குறைவென்று அந்நிறுவனம் வருந்துகின்றது. 140 கோடி மக்களுக்குப் பகிர்ந்தால் தலைக்கு ஆண்டொன்றுக்கு ஏழு ரூபாய்க்கும் குறைவு. ஒரு குவளைத் தேநீருக்கும் போதாது. மாநிலங்கள் தத்தம் மருத்துவமனைகளுக்குச் செலவிடுவது வேறு. ஆயினும் இத்தொகையில் மருத்துவம், கல்வி, ஊதியம், கட்டடம் எல்லாம் அடங்கும். ஆராய்ச்சிக்கென எஞ்சுவது மிகச் சிறிது.

இக்குறையைப் பிறர் நிரப்பிவருகின்றனர். அறுபது வயது கடந்த இந்தியருள் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், மறதி நோயுற்றோர் என்று 2023-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அதற்குப் பெரிதும் பொருளுதவியது அமெரிக்க அரசின் முதுமை ஆராய்ச்சி நிறுவனம். நம் பாட்டனும் பாட்டியும் எத்தனை பேர் நினைவிழந்தனர் என்று எண்ணுவதற்கு அயல்நாட்டு மக்களின் வரிப்பணம் உதவியிருக்கின்றது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆராய்ச்சி நிலையமும், 2022-இல் தொடங்கிய சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை மையமும், செல்வரான கிரிஸ் கோபாலகிருஷ்ணன் குடும்பத்தாரின் கொடையால் தழைத்தவை. சென்னை மையத்தார் கருவிலுள்ள குழவியின் மூளையை ஐயாயிரத்துக்கு மேற்பட்ட நுண்ணிய துண்டங்களாக ஆராய்ந்து 2024-இல் வெளியிட்ட படத்தொகுப்பு உலகோர் போற்றுவது. கொடையாளரை வாழ்த்துவோம். ஆனால் கொடை, கொடுப்போர் விருப்பத்தைப் பற்றிச் செல்லும். யாரும் விரும்பித் தேராத ஊரையும் நோயையும் தேர வேண்டியவர் அரசாங்கத்தார்.

பணம் ஒதுக்கியவிடத்தில் பயன் விளைவதற்கும் நம் தீவே சான்று. சென்னையிலிருந்து கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் இழுக்கப்பட்ட கம்பிவடம் 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் தொடங்கிவைக்கப் பெற்றது. அது பெரிய நிக்கோபாரையும் இணைக்கின்றது. ரூ. 1,200 கோடிக்கு மேற்பட்ட இச்செலவைச் சில ஆயிரம் மக்களுக்காக எந்த வணிகரும் ஏற்றிருக்க மாட்டார். பொது நிதியே ஏற்றது. 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள், உலக மனநல நாளன்று, 14416 என்னும் எண்ணில் டெலி மானஸ் என்னும் இலவசத் தொலைபேசி உதவி தொடங்கப்பட்டது. தமிழ் உட்பட 20 மொழிகளில் பேசலாம். 2025-ஆம் ஆண்டுத் தொடக்கத்துக்குள் சுமார் 18 லட்சம் அழைப்புகள் வந்துள்ளன. கடலடி வடமும் இத்தொலைபேசி உதவியும் சேர்ந்தால், தென்கோடியில் இருக்கும் தாய் ஒருத்தி தன் மொழியில் தன் துயரைச் சொல்ல வழி உண்டாகின்றது.

ஓர் எதிர்வாதம்

குடிநீரும் சாலையும் கப்பல் வசதியும் குறைந்திருக்கும் தீவில் மூளை ஆராய்ச்சியைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ என்று அன்பர் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால் நோயுற்ற குடும்பம் அந்தச் சாலையையும் கப்பலையும் எதற்குப் பயன்படுத்துகின்றது என்று நோக்குக. 2015-16-ஆம் ஆண்டின் தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மருத்துவத்துக்கும் பயணத்துக்குமாக ஒரு குடும்பம் திங்களுக்கு ஆயிரம் முதல் ஆயிரத்தைந்நூறு ரூபாய் வரை செலவிட நேர்கின்றது என்று கண்டது. அது பேருந்தில் செல்லும் நிலப்பகுதி மக்களின் கணக்கு. கடல் கடந்து செல்வோர்க்கு, உடன் செல்பவரின் கூலி இழப்பையும் தங்கும் செலவையும் கூட்டினால் எத்தனை மடங்காகும் என்பதை நம் வீட்டுக் கணக்கே சொல்லும். மனநலத்துக்கு அரசு செலவிடாவிடில் அச்செலவு மறைந்துவிடுவதில்லை; ஏழையின் மடியிலிருந்து போகின்றது.

எண்ணப்படாத தீவு

அக்கணக்கெடுப்பைப் பற்றி இன்னும் ஒன்று கூற வேண்டும். நாட்டின் 12 மாநிலங்களில், தமிழ்நாடு உட்பட, அது நடைபெற்றது. வயது வந்தோரில் நூற்றுக்கு 10.6 பேர் அந்நாளில் ஏதேனும் ஒரு மனநோய்க்கு ஆட்பட்டிருந்தனர் என்றும், கடுமையான மனநோயுற்றோரிலும் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் மருத்துவம் பெறவில்லை என்றும் அது காட்டியது. அரிய பணி, ஐயமில்லை. ஆனால் அந்தமான் நிக்கோபார் அப்பன்னிரண்டில் ஒன்றன்று. நம் இன்பதுன்பங்கள் அந்த எண்களுக்குள் இல்லை. எண்ணப்படாத ஊருக்கு எத்தனை மருத்துவர் வேண்டும், எவ்வளவு மருந்து வேண்டும் என்று அதிகாரிகள் எதனைக் கொண்டு முடிவு செய்வர்? ஆகவே நம் போன்றோர்க்கு ஆராய்ச்சியின் முதற்படி, எண்ணப்படுதலே.

நாம் கேட்க வேண்டியவை மூன்று என்று கருதுகின்றோம். முதலாவது, இனி நடக்கும் எந்த மனநலக் கணக்கெடுப்பும் தலைநகரோடு நின்றுவிடாமல் தென்கோடி வரை வருதல் வேண்டும். அவரவர் மொழியில் அவரவரிடம் கேட்டல் வேண்டும். இரண்டாவது, ஆழிப்பேரலையைக் கண்ட தலைமுறையை நெடுங்காலம் தொடர்ந்து கவனிக்க நிலையான நிதி வேண்டும். போர்ட் பிளேரில் 1983 முதல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிலையம் இருக்கின்றது. தொற்று நோய் ஆராய்ச்சியில் அது பெயர் பெற்றது. மன, மூளை நோய்களைத் தொடர்ந்து ஆராயும் பணிக்கும் அங்கே ஆளும் பொருளும் வேண்டும். மூன்றாவது, பெரிய நிக்கோபாரில் துறைமுகமும் விமான நிலையமும் புதிய நகரும் அமைக்கும் பெருந்திட்டத்துக்கு 2022-இல் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. அந்நாளில் மதிப்பிட்ட செலவு சுமார் ரூ. 72,000 கோடி. திட்டத்தைப் பற்றிக் கருத்து வேறுபாடுகள் உள. எப்படியாயினும், புதிதாகக் குடிவருவோர், இருந்த இடம் பெயர நேர்வோர், காட்டையே வீடாகக் கொண்ட மூத்த குடிகள் ஆகியோரின் மனநிலை என்னவாகும் என்பதையும் ஆராய, அப்பெருந்தொகையில் ஒரு சிறு பங்கேனும் ஒதுக்குதல் அறிவுடைமை. மண் பெயர்தலும் மனநோயும் பற்றி ஆழிப்பேரலைக் காலத்து ஆய்வு சொன்னதை மறக்கலாகாது.

நம் கடமை

கேட்பது அரசாங்கத்திடம் மட்டுமன்று; நம்மிடமும் உண்டு. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளர் தங்கியிருந்த கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையால் ஓட இயலாது 28 பேர் உயிரிழந்தனர். அவர்களை அங்கே விட்டுச் சென்றவர் கொடியவர் அல்லர். வேறு வழி அறியாத, பொருளற்ற குடும்பத்தார். இன்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் நிலையங்களில் மனநல மருத்துவம் பெறுவதை ஒவ்வொருவருக்கும் உரிமையாக்கியுள்ளது; சங்கிலியிடுவதைத் தடை செய்துள்ளது. உரிமையைக் கேட்டுப் பெறுவோர் இல்லாவிடில் சட்டம் ஏட்டளவில் நிற்கும்.

எனவே கணக்கெடுக்க வருவோர் நம் வாயிலில் நின்றால், நாணத்தால் பொய் கூறாமல் உள்ளதைச் சொல்வோம். வலிப்புக்கும் மனநோய்க்கும் மந்திரமும் தாயத்தும் தேடிக் காலம் கடத்தாமல் மருத்துவ நிலையத்தை நாடுவோம். 14416 என்னும் எண்ணை நம் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதிவைப்போம். தாய்வீடு கடல் கடந்திருக்கும் பெண்ணுக்கு, பிள்ளைப்பேற்றின் பின் நம் வீட்டுப் பெண்டிர் முறை வைத்துத் துணையிருப்பர் எனச் சங்கத்தில் ஓர் ஏற்பாடு செய்வோம். மேற்கூறிய மூன்று கோரிக்கைகளையும் பஞ்சாபி, மலையாளி, தெலுங்கு, நிக்கோபாரி அன்பர்களோடு கூடி ஒரே விண்ணப்பமாக எழுதி, ஆட்சியாளர்க்கும் நம் நாடாளுமன்ற உறுப்பினர்க்கும் அனுப்புவோம். விண்ணப்பத்தின் படி அடுத்த திங்கள் கூட்டத்தில் வைக்கப்படும். கையெழுத்திட வரும் அன்பர்கள் தம் இல்லத்துப் பெண்டிரையும் முதியோரையும் உடன் அழைத்து வருமாறு வேண்டுகின்றோம். இப்பொருளைப் பற்றி நம்மினும் நன்கு அறிந்தவர்கள் அவர்களே.